நூறு மார்க்

மட்டக்களப்பில் இருந்து அம்பாறைக்கு
மூன்று கோடு கீறியிருக்கிறேன்.
சிவப்பு கரையோரம்.
நீலம் வாவிக்கு மேலால், தூண் வைத்து.
பச்சை படுவான்கரைக்குள்ளால்.
பென்சில்கள் கல்முனையில் வாங்கியவை,
பில் இன்னும் பாஸாகவில்லை.

கொழும்பில் இருந்து ஒரு தாள் வந்தது.
செலவுக்கு நாற்பது, நேரத்துக்கு இருபத்தைந்து,
வீடுகளுக்கு இருபது.
மிச்சம் பதினைந்துக்குள்
யானை, கண்டல், கோயில், மையவாடி, மேய்ச்சல்தரை
எல்லாம் நெருங்கி இருந்துகொள்ள வேண்டும்.

சிவப்பில் நடந்த அன்று
ஹயாத்து லெவ்வை தன் டைல்ஸ் கடைக்குள் கூப்பிட்டார்.
"கடல் விட்டுட்டுப் போன சுவர் இது ஒண்டுதான்.
மத்த மூண்டும் பிறகு கட்டின.
உங்கட கோடு எதுவரைக்கும் வரும்?"
டேப்பைப் பிடித்தேன்.
கல்லாப்பெட்டிக்கு நடுவால்.
சொல்ல வாய் வரவில்லை.
பிளேன்டி வந்தது, குடித்தேன்.

நீலத்தில் நடக்க முடியாது.
தோணிக்காரர் சவளை நேராக இறக்கிக் காட்டினார்:
சேறு, சேறு,
இன்னும் சேறு.
பிரியங்கர எஞ்சினியர்
ஒரு தூணுக்கு முடியும் காசைச் சொன்னார்.
தோணிக்காரர் அதை இறால் விலையால் பிரித்துப் பார்த்தார் போல,
கரை வரும்வரை பேசவில்லை.

பச்சைக்கு ஆட்சேபணை குறைவு என்று அறிக்கையில் இருந்தது.
குறைவுதான்.
வீடு குறைவு, ஆள் குறைவு,
மனு அடித்துக்கொடுக்கும் கடையும் குறைவு.
நாவலடிக் கண்டத்தில் பயிர் குடலைப் பருவம்.
வரம்பில் நின்று இன்பவல்லி கேட்டாள்:
"ரோட்டு வரட்டும்.
நாங்க எதில ஏறுற?"
படத்தை விரித்தேன்.
ஏறும் இடம் பதினாலு கிலோமீற்றர் தள்ளி.
"அப்ப குறுக்கால போறதுக்கு?"
கீழ்ப்பாதை இருக்கிறது,
மாடு போகும், உழவு மெஷின் போகும்.
"வெட்டுற மெஷின்?"
உயரத்தைப் பார்த்தேன். மூன்றடி பற்றாது.
அவள் கோபப்படவில்லை.
"அப்ப விதைக்கலாம், வெட்டேலாது"
என்றாள், கடைக்காரனின் கூட்டலைத்
திருத்திக் கொடுப்பவள் மாதிரி.

இரவு குவாட்டஸில்
மின்விசிறி தாளைத் தூக்கித் தூக்கிப் போட்டது.
செலவில் இருந்து மூன்று மார்க் எடுத்து
வீடுகளுக்குக் கொடுத்தேன்.
ரோட்டு எழும்பி, வாவியைத் தாண்டி
ஒன்பது கிலோமீற்றர் மேற்கே போய்ப் படுத்தது.
திருப்பி எடுத்தேன்.
திரும்பி வந்து லெவ்வையின் கடையில் படுத்தது.
மூன்று மார்க்.
ஓ.எல் கணிதத்தில் மூன்று மார்க்கில் ஏ தவறிப்போய்
இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவள் நான்.

நாலாவதாக ஒரு வழியும் உண்டு,
எல்லா அறிக்கையிலும் அதைப் போட வேண்டும்:
ஒன்றும் செய்யாதிருத்தல்.
அதற்குச் செலவில்லை, யாருடைய வீடும் போகாது.
மார்க்கும் நன்றாகத்தான் விழுந்தது.
அதற்கு வட்டம் போடப் பேனையை எடுத்த நேரம்
அடுத்த அறை யோகசீலன் டியூட்டி முடிந்து வந்தான்.
ஆஸ்பத்திரி வேன் ஓட்டுகிறவன்.
காத்தான்குடியில், அந்தப் பேரீச்ச மரங்களுக்குப் பக்கத்தில்
முன்னுக்கும் பின்னுக்கும் போகேலாமல் பத்தொன்பது நிமிசம்.
"பிள்ளை வேனுக்குள்ளேயே பிறந்திட்டு.
தாய்தான்..."
மிச்சத்தைச் சொல்லாமல் குளிக்கப் போனான்.
வாளியில் தண்ணி நிறையும் சத்தம்
நீண்ட நேரம் கேட்டது.
நேரத்துக்குக் கொடுத்த இருபத்தைந்துக்குள்
அந்தப் பத்தொன்பதும் இருக்கிறது.
பேனையை மூடினேன்.

விடிய மறுபடி பச்சைக்குப் போனேன்.
நூற்றுப் பதினேழாம் ஆப்பு சரிந்து நின்றது.
அதன் சிவப்பு ரிப்பனில்
எருமை மயிரும் காய்ந்த சேறும்.
முதுகு சொறிந்துவிட்டுப் போயிருக்கிறது.
நிமிர்த்தாமல் அளந்தேன்.
மேற்கே நாலு அங்குலம்.
குறிப்புப் புத்தகத்தில்
காரணம் எழுதும் இடத்தைக்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு எழுதினேன்:
எருமை.